வாரத்தின் தலைநாள்

நம் தமக்கையார் மகன் கழக்கூட்டத்தை அடுத்துள்ள டெக்னோபார்க்கில் மென்பொருள் எழுதும் பணியில் இருக்கின்றான். 1990-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற அத்தொழில்நுட்பப் பூங்கா நம் நகரத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிடுகின்றது என்பதை அன்பர்கள் அறிவர். ஒருநாள் மாலை கரமனையிலுள்ள நம் இல்லத்திற்கு வந்தவன், காப்பியைக் கையில் வாங்குமுன்னரே, "மாமா, நம்ம வழக்கப்படி வாரத்தின் முதல் நாள் எது?" என்று வினவினான். "இதில் என்ன ஐயம்? ஞாயிறுதான்" என்றோம். "ஏன் ஞாயிறு?" என்றான். இருபதாண்டுகளுக்கு மேலாக நடுவண் அரசு அலுவலகத்தில் வாரந்தோறும் அறிக்கை எழுதி எழுதிக் கை தேய்ந்த நமக்கு அவ்வினாவிற்கு விடை தெரியவில்லை.

அவன் எழுதிக்கொண்டிருந்தது விடுப்பும் வருகையும் பதியும் ஒரு மென்பொருள். பல நாட்டு நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்தப் போகின்றன. திரையில் தோன்றும் மாதக் கட்டத்தில் முதல் நிரலாக எந்த நாளை இடுவது என்பதில் அவர்களுக்குள் வழக்கு. உலகத் தரம் திங்கள் என்கிறது, அதனையே நிலைநிறுத்திவிடலாம் என்பது மேலாளர் கருத்து. பயன்படுத்துவோர் தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்பது இவன் கருத்து. "சின்ன விஷயம், மாமா. ஆனாலும் இரண்டு வாரமாகச் சண்டை" என்று சிரித்தான். அவனுக்கு விடைகூற வேண்டித் தேடத் தொடங்கியதே இக்கட்டுரை. சின்ன செய்தி அன்று என்பது தேடத் தேடத்தான் புலனாயிற்று.

நம் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று, சிவகாசியில் அச்சாகி நாகர்கோவில் கடையொன்றின் அன்பளிப்பாய் வந்த தினத்தாள் நாட்காட்டி. அதில் வாரம் என்பதே இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு தனித்தாள், கிழித்தால் முடிந்தது. எந்நாள் முதல் நாள் என்ற வினாவே அத்தாள்களுக்கு எழுவதில்லை. மற்றொன்று மலையாள மாத நாட்காட்டி. அதில் ஞாயிறு சிவப்பெழுத்தில் முதலில் நிற்கிறது. இவையன்றி மனைவியாரின் கைப்பேசியிலும் ஒரு நாட்காட்டி உண்டு. அதுவும் ஞாயிற்றிலேயே தொடங்குகிறது. கோலாலம்பூரில் வாழும் நம் சிற்றப்பா மகனின் கைப்பேசியிலோ திங்கள் முதலாகக் கட்டங்கள் வரிசைப்படுகின்றன. ஒரே பாட்டனாரின் பேரர்கள். வாரத் தொடக்கம் மட்டும் வேறு.

வாரநாட்களின் பெயர் பிறந்த கதை பஞ்சாங்கம் பார்க்கும் இல்லங்களில் அறியாத ஒன்றன்று. ஆயினும் அதனுள் முதல்நாள் வழக்கின் வேர் கிடப்பதால் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. பண்டையோர் கண்ணுக்குப் புலனான ஏழு கோள்களையும், அவை வானைச் சுற்றிவரக் கொள்ளும் காலத்தின் நீளத்தை வைத்து வரிசைப்படுத்தினர். மிக மெல்லச் செல்வது சனி. அதன்பின் வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன். மிக விரைந்து செல்வது திங்கள். ஒரு நாளின் இருபத்துநான்கு ஓரைகளையும் இவ்வரிசையிலேயே ஒவ்வொரு கோளுக்கும் ஒன்றாகப் பங்கிட்டனர். ஏழேழாக மூன்று சுற்று முடிந்தபின் மூன்று ஓரைகள் எஞ்சும். ஆகவே மறுநாளின் முதல் ஓரை வரிசையில் மூன்று இடம் தாண்டிய கோளுக்குரியதாகும். எக்கோளின் ஓரையில் நாள் பிறக்கிறதோ அக்கோளின் பெயரே அந்நாளுக்கும் பெயர். சனியிலிருந்து மூன்று தாண்டினால் ஞாயிறு, ஞாயிற்றிலிருந்து தாண்டினால் திங்கள், அடுத்துச் செவ்வாய். நம் பஞ்சாங்கத்தின் ஓரை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு அன்பர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

இக்கணக்கை அதன் இயல்பின்படி தொடங்கினால் முதல்நாள் ஞாயிறு ஆகாது. வரிசையின் தலையில் நிற்கும் சனியே முதல்நாள் ஆதல் வேண்டும். உரோமர் அவ்வாறே கொண்டனர். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரச் சுவரொன்றில் கிறுக்கப்பட்டுள்ள கிழமைப் பட்டியல் சனியில்தான் தொடங்குகிறது. ஞாயிற்றை முதல்நாளாகக் கொண்டது யூதர் வழக்கு. ஆறுநாள் வேலை, ஏழாம்நாள் ஓய்வு என்ற அவர்தம் மறையின் எண்ணிக்கையில் சனி ஏழாவது. எனவே ஞாயிறு முதலாவது. கிறித்தவர் அவ்வெண்ணிக்கையை அப்படியே ஏற்று, ஓய்வை மட்டும் முதல் நாளுக்கு மாற்றிக்கொண்டனர். கி.பி. 321-இல் உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வுநாளாக ஆணையிட்டான். இன்று நம் அலுவலகக் கதவு ஞாயிறன்று சாத்திக்கிடப்பதற்கு அவ்வாணை மிகத் தொலைவான பாட்டன் எனலாம்.

நாட்களுக்கு எண்ணிட்டுப் பெயர் வைத்த மொழிகளில் முதல்நாள் எது என்பது பெயரிலேயே கிடக்கிறது. அரபு மொழியில் ஞாயிற்றுக்குப் பெயர் ஒன்றாம் நாள் என்னும் பொருளுடையது. கொச்சியில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் திங்களை இரண்டாம் நாள் என்றே வழங்கினர். ஆனால் உருசிய மொழியில் செவ்வாய்தான் இரண்டாவது. சீன மொழியில் திங்கள்தான் ஒன்று. தமிழிலும் மலையாளத்திலும் நாட்களுக்கு எண் இல்லை, கோள்பெயரே உண்டு. ஆதலின் நம் மொழி இவ்வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறி ஒன்றும் சொல்லாது.

எனினும் நம் முன்னோர் எவ்வரிசையில் நாட்களைச் சொல்லி வந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தில் கோள்களை அடுக்குமிடத்து ஞாயிறு தொடங்கிச் சனியில் முடிக்கும் கிழமை வரிசையையே மேற்கொண்டார். வானில் அவை செல்லும் விரைவு வரிசை அன்று அது. எனவே ஞாயிறு முதலான கிழமை வரிசை அக்காலத்தே நாவிற் பழகியதொன்று எனத் துணியலாம். அதற்கு முன் மத்தியப் பிரதேசத்து ஏரண் என்னும் ஊரில் புதகுப்தன் காலத்துக் கல்வெட்டொன்று கி.பி. 484-ஆம் ஆண்டின் ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கிறது. கிழமை குறித்த இந்தியக் கல்வெட்டுகளுள் மிகப் பழையது அது என்பர். பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் கிழமையும் திதியும் நாண்மீனும் சேர்ந்தே வரும்.

கல்வெட்டாய்வாளர்க்குக் கிழமை ஒரு பெருந்துணை. ஆண்டு பிறழலாம், மாதத் தேதி பிறழலாம். ஏழன் சுழற்சி மட்டும் முறிவின்றி ஓடிக்கொண்டிருப்பதால் அதனை உரைகல்லாக வைத்து ஏனையவற்றைச் சரிபார்க்கலாம். செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் சோழ பாண்டியர் காலங்களை இம்முறையாலேயே கணித்தார். நம்மவருள் இத்துறையின் தலைமகனார் திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. அரசுப் பணியில் இருந்துகொண்டே 1911-இல் இந்தியக் காலக்கணித நூலையும், 1922-இல் கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள ஆயிரத்து நூறாண்டுகளுக்கு நாள்தோறும் கிழமை, திதி, நாண்மீன் காட்டும் பெரும் பஞ்சாங்கத் தொகுதிகளையும் வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில், கோப்புகளுக்கிடையே, இரவு விளக்கொளியில்! அலுவலக நேரம் போதவில்லை என்று அலுத்துக்கொள்ளும் நம் போன்றோர் அவர் திருவுருவப்படத்தை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.

வானியலார் கிழமையை எண்ணிய விதம் இன்னும் வியப்பானது. கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரி 18-ஆம் நாள் வெள்ளிக்கிழமை சூரியோதயத்தில் பிறந்தது என்பது அவர்தம் கணக்கு. அன்று முதல் கழிந்த நாட்களைக் கூட்டி ஏழால் வகுத்து எஞ்சுவதைக் கொண்டு கிழமை காண்பர். மீதமின்றி வகுபட்டால் வெள்ளி. ஆகவே நம் பஞ்சாங்கக் கணிதருக்கு வெள்ளியே எண்ணிக்கையின் தலை. ஐரோப்பாவில் 1583-இல் ஸ்காலிகர் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த ஜூலியன் நாளெண்ணிக்கையோ ஒரு திங்களில் தொடங்குகிறது. உரோமச் சுவரில் சனி, மறையில் ஞாயிறு, ஐரோப்பியக் கணிதரிடம் திங்கள், நம் கணிதரிடம் வெள்ளி. ஒருவர்க்கொருவர் பகையின்றி நாலு முதல்நாட்கள் உலகில் உலவியிருக்கின்றன.

தொடக்கம் பலவாதல் நம் திருவனந்தபுரத்து வாழ்வில் புதிதன்று. கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தெற்கே, நம் பக்கத்தில், அது சிங்கம் முதல்நாள் (நம் ஆவணி) பிறக்கும். வடக்கே கோலத்து நாட்டுப் பகுதியிலோ கன்னி முதல்நாள் (நம் புரட்டாசி) பிறப்பதே பழவழக்கு. ஒரே ஆண்டுப் பெயர். ஒரு மாத வேறுபாடு. சிங்க மாதத்தில் எழுதப்பட்ட ஓர் ஓலை எவ்வூரது என்று அறியாமல் அதன் ஆண்டைக் கணித்தால் ஓராண்டு பிழைபட்டுவிடும். 1956 நவம்பர் முதல்நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்த நாஞ்சில் நாட்டுத் தமிழர் வீடுகளிலுள்ள பழைய பத்திரங்களும் கொல்லம் ஆண்டிலேயே எழுதப்பட்டன. நம் பாட்டனார் பத்திரங்களைப் படிக்க முயன்ற அன்பர்கள் இதனை நன்கறிவர். இக்கொல்லம் ஆண்டின் பிறப்பை முதன்முதல் ஆராய்ச்சி நோக்கில் அலசியவருள் ஒருவர் நம் நகரத்து மகாராசா கல்லூரிப் பேராசிரியர், மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம் பிள்ளை. திருவிதாங்கூர்ப் பண்டை மன்னர் பற்றி 1894-இல் வெளியான தம் ஆங்கில நூலில், நூறாண்டுச் சுழற்சியுடைய வடநாட்டுச் சப்தரிஷி ஆண்டே இங்கு உருமாறிக் கொல்லம் ஆண்டாயிற்று என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். ஏற்போரும் மறுப்போரும் உளர். கல்வெட்டுத் தேடிக் கோயில் கோயிலாய் அலைந்த அவர் உழைப்பை மறுப்பார் இலர்.

மாதப்பிறப்பிலும் தமிழர்க்கும் மலையாளிகட்கும் ஒரு நுண்ணிய வேறுபாடு உண்டு. கதிரவன் ஓர் இராசியினின்று அடுத்த இராசியிற் புகும் கணமே மாதப்பிறப்பு. அது மறைவுக்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதத்தின் முதல்நாள் என்பது தமிழர் முறை. மலையாளத்தாரோ, உதயத்திலிருந்து பதினெட்டு நாழிகைக்குள், அதாவது ஏறத்தாழப் பிற்பகல் 1.12 மணிக்குள் நிகழ்ந்தால் அன்று, இல்லையேல் மறுநாள் என்று கொண்டனர். பிற்பகல் ஒன்றேகாலுக்கும் அந்திக்கும் இடையே கதிரவன் புகுவானாயின் தமிழர்க்கு இன்று, மலையாளத்தார்க்கு நாளை! 2023-ஆம் ஆண்டில் ஏப்ரல் 14 வெள்ளியன்று நாம் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடினோம். அண்டை வீட்டார் 15 சனியன்று விஷுக்கணி கண்டனர். முதல்நாள் நம் வீட்டுப் பாயசம் மதிற்சுவரைத் தாண்டியது. மறுநாள் அவர்கள் வீட்டுச் சக்கைப் பிரதமன் இப்பக்கம் வந்தது. இருவருள் யார் கணக்கு சரி என்று எவரும் வழக்காடியதில்லை. தமிழகத்தில் 2008-இல் தை முதல்நாளே புத்தாண்டு எனச் சட்டம் செய்து 2011-இல் அதனை நீக்கியதையும் அன்பர்கள் நினைவுகூரலாம். அவ்வழக்கினுள் நாம் நுழையவில்லை.

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்த வேண்டும். வாரத்தை எங்கே தொடங்குவது என்பது ஒன்று. வாரத்தையே முறிப்பது முற்றிலும் மற்றொன்று. பின்னதற்கு முயன்றோர் எல்லாரும் தோற்றனர். பிரெஞ்சுப் புரட்சியினர் 1793-இல் பத்துநாள் வாரத்தை வகுத்தனர். ஏழாம்நாள் ஓய்ந்தவன் இனிப் பத்தாம்நாள்தான் ஓய்வான் என்றால் உழைப்பாளி எங்ஙனம் மகிழ்வான்? 1806 பிறந்தபோது நெப்போலியன் அந்நாட்காட்டியையே கைவிட்டான். சோவியத்து நாட்டில் 1929-இல் ஐந்துநாள் வாரம் வந்தது. ஆலைகள் ஒருநாளும் நில்லாதிருக்கத் தொழிலாளரை ஐந்து பிரிவாக்கி ஒவ்வொரு பிரிவிற்கும் ஒவ்வொரு ஓய்வுநாள் தந்தனர். கணவனுக்கு ஒருநாள், மனைவிக்கு வேறுநாள் ஓய்வென்றால் இல்லறம் என்னாவது? 1931-இல் அதனை ஆறுநாளாக்கி, 1940-இல் பழைய ஏழுநாளுக்கே திரும்பினர்.

நம் நாடும் இதில் ஒருமுறை கைவைத்தது என்பது பலர் அறியாதது. அறிவியலறிஞர் மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் தந்த அறிக்கையின்படி, 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு நம் தேசிய நாட்காட்டியாயிற்று. இன்றும் அரசிதழில் அத்தேதியைக் காண்கிறோம். ஆனால் அதற்கு இணையாக, 1953-இல் இந்திய அரசு ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்தில் உலக நாட்காட்டி என்னும் திட்டத்தையும் முன்மொழிந்தது. சாகா 1954-இல் ஜெனீவா சென்று அதற்காக வாதிட்டார். அத்திட்டப்படி ஒவ்வோராண்டும் ஞாயிற்றுக்கிழமையே பிறக்கும். ஒவ்வொரு காலாண்டும் அவ்வாறே. முந்நூற்றறுபத்துநான்கு நாள் போக எஞ்சும் ஒருநாள் எக்கிழமையிலும் சேராத உலகநாளாய்த் தனித்து நிற்கும். கணக்கெழுதுவோர்க்கு இதனினும் இனியது வேறில்லை. ஒரு நாட்காட்டியை வாங்கினால் ஆயுள் முழுதும் போதும். அந்த ஒரு கிழமையற்ற நாளே திட்டத்திற்குக் கூற்றுவனாயிற்று. ஏழுநாட் சுழற்சி அறுந்தால் தங்கள் வழிபாட்டு நாள் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துவிடும் எனச் சமயத்தார் எதிர்த்தனர். 1955-இல் அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்தது; மறு ஆண்டே திட்டம் கிடப்பிற் போயிற்று.

திங்கள் தலைநாளாய் உயர்ந்தது அண்மைக் காலத்ததே. ஐரோப்பிய ஆலைகளிலும் வணிகநிலையங்களிலும் சனியும் ஞாயிறும் சேர்ந்து ஓய்வானபின், அவ்விரு நாட்களையும் வரிசையின் இரு முனையில் பிரித்து வைப்பதினும் கடைசியில் ஒட்டிவைப்பது எளிதாயிற்று. பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பு 1970-களில் திங்களை முதல்நாளாக வகுத்து, 1988-இல் வெளியிட்ட 8601 எண் தரத்தில் அதனை உறுதிப்படுத்தியது. ஆண்டின் முதல் வியாழன் எவ்வாரத்தில் விழுகிறதோ அதுவே முதலாம் வாரம் என்பதும் அத்தரத்தின் விதி. 2023 சனவரி முதல்நாள் ஒரு ஞாயிறு. அதனை அத்தரம் 2022-ஆம் ஆண்டின் ஐம்பத்திரண்டாம் வாரத்தில் சேர்க்கும். நம் ஞாயிற்று வழக்கோ 2023-இன் முதல் வாரத்தில் சேர்க்கும். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் நாள் பழைய ஆண்டின் வாரத்தில் கிடக்கிறது!

நடுவண் அரசு நிருவாக அலுவலகங்களுக்கு ஐந்துநாள் வாரம் 1985 ஜூன் 3 முதல் வந்தது. அதுவும் ஒரு திங்களே. சனியும் ஞாயிறும் விடுமுறையானபின் நாமும் அவ்விரண்டையும் 'வார இறுதி' என்று சொல்லப் பழகிவிட்டோம். வாரத்தின் முதல்நாள் என்று சாதிக்கும் ஞாயிற்றை வார இறுதி என்றும் நாமே சொல்கிறோம். இம்முரண்பாடு நம் நாவில் தடுக்குவதே இல்லை. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் உறவினர்க்கோ விடுமுறையே பலமுறை இடம் மாறியது. சவூதி அரேபியா 2013-இல் வியாழன்-வெள்ளி விடுமுறையை வெள்ளி-சனி ஆக்கியது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 தொடக்கத்தில் வெள்ளி அரைநாளும் சனி-ஞாயிறு முழுநாளும் விடுமுறை என மாற்றியது. அங்கிருந்து தொலைபேசியில் அழைக்கும் மகனுக்காக இங்கே தாய்மார் காத்திருக்கும் நாளும் அவற்றோடு மாறிற்று.

சட்டம் என் சொல்கிறது என்று பார்க்கும் பழக்கம் எழுத்தர்க்கு விடாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரம் என்பதற்கு இலக்கணம் கூறியது. சனிக்கிழமை நள்ளிரவு தொடங்கும் ஏழுநாட் காலம் வாரம். அல்லது, ஒரு வட்டாரத்திற்குத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் எழுத்து மூலம் ஒப்பும் வேறோர் இரவிலிருந்து தொடங்கும் ஏழுநாட் காலம். டெக்னோபார்க்கில் இரண்டு வாரம் வழக்காடிய தேர்வுரிமையை நம் நாடாளுமன்றம் 1948-இலேயே எழுதி வைத்திருந்தது. வாரத்தின் முதல்நாளே தொழிலாளிக்கு விடுமுறை என்றும், அதனை மாற்றினால் முன்பின் மூன்று நாட்களுக்குள் ஈடாக ஒருநாள் தரவேண்டும் என்றும், எவ்வாறாயினும் முழுநாள் ஓய்வின்றித் தொடர்ந்து பத்து நாட்களுக்குமேல் வேலை வாங்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது. அந்தப் பத்துநாள் வரம்பை ஏன் இட்டனர் என்பது நமக்கு வேறொரு நிகழ்ச்சியால் விளங்கிற்று.

ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தக் காவலராக நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். அனைவரும் அவரை அண்ணாச்சி என்போம். வாரத்தில் ஆறுநாள் பணி, ஒருநாள் ஓய்வு. ஓய்வின்றி ஏழுநாளும் நின்றால் ஏழாம் நாளுக்கு இரட்டைக் கூலி என்பது ஏற்பாடு. பழைய மஸ்டர் ரோல் ஞாயிறு முதல் சனி வரை கோடிட்டது. 2023 பிறந்தபோது புதிய கணிப்பொறிப் பதிவு வந்தது. அது திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணுவது. மாற்றத்தை எவரும் அறிவிக்கவில்லை. எவருக்கும் அது தோன்றவுமில்லை. அண்ணாச்சி சனவரி 2 திங்களன்று ஓய்வெடுத்தார். அவ்வாண்டு பொங்கல் 15-ஆம் நாள், ஞாயிறு. பேரப்பிள்ளைகளோடு பொங்கலிட ஊருக்குப் போக வேண்டுமென்று, இடையில் ஓய்வே கொள்ளாமல் 3 முதல் 14 வரை பன்னிரண்டு நாள் தொடர்ந்து நின்றுவிட்டு, 15 அன்று ஓய்வு கொண்டார்.

பழைய கணக்கில் 8 ஞாயிறு முதல் 14 சனி வரை ஏழுநாளும் அவர் பணியில் இருந்தார். இரட்டைக் கூலி உண்டு. புதிய கணக்கிலோ 2 முதல் 8 வரையுள்ள வாரத்தில் 2-ஆம் நாள் ஓய்வு, 9 முதல் 15 வரையுள்ள வாரத்தில் 15-ஆம் நாள் ஓய்வு. இரு வாரத்திலும் ஓய்வு தரப்பட்டதாகத் திரை பச்சை நிறத்தில் காட்டியது. பன்னிரண்டு நாள் ஒரு கிழவர் கால்கடுக்க நின்றது எந்தக் கட்டத்திலும் தெரியவில்லை. அந்தப் பில்லைச் சரிபார்த்து ஒப்பமிட்டவர் நாமே. கூட்டல் சரியாக இருந்தது, ஒப்பமிட்டோம்.

பிப்ரவரியில் அண்ணாச்சி வந்து, "சார், ஒருநாள் கூலி குறையுது" என்றார். பதிவைத் திறந்து காட்டி, குறையில்லை என்று விளக்கினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் சட்டைப் பையிலிருந்து தினத்தாள் நாட்காட்டியின் தாள்களை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். இரவுப்பணி முடிந்ததும் காவலறையில் தாளைக் கிழிப்பவர் அவரே. கிழித்த தாளின் பின்புறம் வண்டி எண் குறிப்பது அவர் வழக்கம். 3 முதல் 14 வரை பன்னிரண்டு தாள்கள். "இதுல எங்க சார் நான் ஓய்ஞ்சேன்?" என்று கேட்டார். திரையில் வாரம் வாரமாகப் பார்த்தபோது தோன்றாத பிழை, வாரமே இல்லாத அத்தாள்களில் பளிச்செனத் தெரிந்தது. குறிப்பெழுதி, மேலே அனுப்பி, வினா வந்து, விடையெழுதி, மார்ச்சுக் கடைசியில் அந்த ஒருநாள் கூலி அவர் கைக்குச் சேர்ந்தது. தொகை சிறிதே. ஒப்பமிட்டது நாம் என்று அவரிடம் நாம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எண்ணுகிறோம்.

இந்நிகழ்ச்சியைத் தமக்கை மகனுக்குச் சொன்னோம். அவன் தன் பக்கத்துச் செய்திகளைச் சொன்னான். உலக மொழி எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடு அமைப்பு, எந்நாட்டார்க்கு எந்நாள் வாரத்தின் முதல் என்பதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறதாம். மென்பொருள்கள் பல அதனையே பின்பற்றும். அதில் இந்தியாவிற்கும் சிங்கப்பூருக்கும் ஞாயிறு. இலங்கைக்கும் மலேசியாவிற்கும் திங்கள். தமிழ் ஒன்றே ஆயினும் யாழ்ப்பாணத்தானுக்குத் திங்களும் சென்னையானுக்கு ஞாயிறும் தாமே வந்து நிற்கின்றன. இந்தியாவிற்கு வார இறுதி ஞாயிறு ஒருநாள் மட்டுமே என்றும் அப்பட்டியல் கருதுகிறது. 1985-க்குப்பின் பணியிற் சேர்ந்த நமக்கு இது சிறிது வருத்தமே. கூகுள் நாட்காட்டியில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றனுள் ஒன்றைத் தேரலாம். விண்டோசில் ஏழனுள் எதனையும் தேரலாம். எக்செல் அட்டவணையில் கிழமை எண் கேட்டால் ஒன்றும் குறிப்பிடாதபோது ஞாயிற்றை 1 என்னும். வேறு குறிப்பிட்டால் திங்களை 1 என்னும். நாம் அலுவலகத்தில் இத்தனையாண்டு அதனைப் பயன்படுத்தியும் இவ்வாறொரு குறிப்பு உண்டென்று அறிந்ததில்லை.

நாம் அவனுக்குச் சொன்னது இவ்வளவே. சுவரில் தொங்கும் நாட்காட்டி அவரவர் கண்ணுக்கு உரியது. அதில் எவர் எந்நாளை முன் வைத்தாலும் பிறர்க்கு நட்டமில்லை, தேர்ந்துகொள்ளட்டும். ஆனால் கூலியும் விடுப்பும் எண்ணுகின்ற பதிவேடு பலர் கண்ணுக்குரியது. அங்கே ஒருவர் தம் திரையில் செய்யும் தேர்வு இன்னொருவர் கூலியைத் தொடக்கூடாது. பழைய பத்திர எழுத்தர் கொல்லம் ஆண்டோடு மாதமும் தேதியும் கிழமையும் ஊரும் எழுதியது போல, ஒவ்வொரு வார அறிக்கையின் தலையிலும் இவ்வாரம் எந்நாள் முதல் எந்நாள் வரை என்று அச்சிடப்பட வேண்டும். தொடக்கத்தை மாற்றினால் மாற்றிய நாளும், மாற்றியவர் பெயரும் பதிய வேண்டும். ஓய்வின்றித் தொடர்ந்த நாட்களை வாரக்கோட்டைப் பாராமல் தனியே எண்ண ஒரு நிரல் வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் அவன், "இது அண்ணாச்சி காலம்" என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

இரு மாதம் கழித்து வந்து திரையைக் காட்டினான். மேலாளர் இறங்கி வந்திருக்கிறார். மாதக் கட்டத்தின் மேல் மூலையில் வாரத்தின் முதல்நாளைத் தேர்வதற்கு ஒரு பட்டியல், அதைத் தொட்டால் ஏழு நாட்களும் விரிகின்றன. அறிக்கையின் தலையில் தேதிகள் அச்சாகின்றன. தொடர்நாள் நிரலும் இருக்கிறது. பத்தைத் தாண்டினால் சிவக்கிறது. பார்த்து மகிழ்ந்தோம். பின்னர், எதனைத் தேர்வது என்று கேட்கும் அப்பட்டியலே எந்நாளில் தொடங்குகிறது என்று நோக்கினோம். ஞாயிறு முதலில் இருந்தது. "இது யார் முடிவு?" என்றோம். "எங்கேயாவது ஆரம்பிக்கணுமே, மாமா" என்றான்.